அளவுப் போர்வை
பரவையில் தையல் பழகும் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,



போன வாரம் எங்கள் வீட்டு மாடிப்படிக் கம்பியில் ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றைக் காயப்போட்டிருந்தேன். தையல் வகுப்பு முடிந்து வந்துகொண்டிருந்த நீங்கள் நாலைந்து பேர் நின்று பார்த்தீர்கள். ஒருத்தி ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். இன்னொருத்தி முனையைத் தூக்கி உள்பக்கம் பார்த்தாள். “இதுக்குப் பேட்டர்ன் எங்கக்கா வாங்குனீங்க?” என்று கேட்டீர்கள். பேட்டர்ன் எதுவும் இல்லை, பழைய போர்வை ஒன்றைப் பார்த்துத் தைத்தேன் என்றேன். “அப்படின்னா நமக்கெல்லாம் வராதுப்பா” என்று பேசிக்கொண்டே போய்விட்டீர்கள்.

அந்த “வராது” அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு வருஷத்துக்கு முன்னால் நானும் அதையே சொல்லி, அந்தப் பழைய போர்வையை மடித்துத் திரும்பவும் தகரப்பெட்டிக்குள் வைத்தவள். வரும் என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்த பிறகு வாயைத் திறக்காமல் இருப்பது நியாயமில்லை. அதனால் உங்கள் எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். உங்களிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்கள் என்ன கொண்டுவருகிறார்கள்? துணி, லைனிங், கூடவே ஓர் அளவு ஜாக்கெட். அதைத் தரையில் விரித்து, சுருக்கத்தை நீவிவிட்டு, தோள், கைச்சுற்று, மார்பு, இடுப்பு என்று இஞ்ச் டேப் வைக்கிறீர்கள். உள்பக்கம் திருப்பி, தையலுக்கு எவ்வளவு துணி விட்டிருக்கிறது, பிரித்துவிட எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறீர்கள். பிறகு புதுத் துணியில் சாக்பீஸால் கோடு போட்டுக் கத்தரி வைக்கிறீர்கள். அந்த ஜாக்கெட்டுக்கு யாரும் உங்கள் கையில் காகித மாதிரி தரவில்லை. தைத்து முடிந்த ஒன்றே அடுத்ததற்கு மாதிரி. நான் செய்ததும் இவ்வளவுதான். என்னிடம் இருந்தது அளவு ஜாக்கெட் இல்லை, அளவுப் போர்வை.

இன்னொன்றும் உங்களிடம் இருக்கிறது. மார்கழியில் எதிர்வீட்டு வாசலில் போட்ட கோலம் பிடித்துப்போனால் என்ன செய்கிறோம்? நின்று புள்ளியை எண்ணுகிறோம். நேர்ப்புள்ளியா, ஊடுபுள்ளியா என்று பார்க்கிறோம். நடுவில் எத்தனை, எத்தனையில் முடிகிறது என்று மனசில் வாங்கிக்கொள்கிறோம். மறுநாள் காலையில் நம் வாசலில் அது இருக்கிறது. பாட்டும் அப்படித்தான். நம் ஊர்ப் பெயரை நாடெங்கும் கொண்டுபோன பரவை முனியம்மா, 2003-ல் ‘தூள்’ படத்தில் பாடுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கிராமியப் பாட்டுப் பாடியவர். கிராமியப் பாட்டு என்பது காதால் வாங்கி வாயால் திருப்பித் தருவது. அவர் 2020 மார்ச்சில் மறைந்தார். அவர் பாட்டைக் கேட்டுப் பழகிய பிள்ளைகள் இன்னும் பாடுகிறார்கள். காதுக்கு வருவது கண்ணுக்கு வராதா? கோலத்தைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்து வாசிக்கிற கண், போர்வையை மட்டும் ஏன் வாசிக்காது?

இனி என் கதை. பெட்டிக்குள் இருந்தது எங்கள் அம்மாச்சி தைத்த விரிப்பு. தாத்தாவின் காக்கி, அம்மாச்சியின் சுங்குடிச் சேலை, அம்மா சின்னப் பிள்ளையில் உடுத்திய பாவாடை என்று எல்லாம் அதில் துண்டு துண்டாக இருக்கின்றன. என் மகள் ஏழாம் மாதம் வீட்டுக்கு வந்தபோது, பிறக்கப்போகும் பிள்ளைக்கு அதை விரிக்கலாம் என்று வெளியே எடுத்தேன். தண்ணீரில் நனைத்தால் பிய்ந்துவிடும் அளவுக்கு நைந்திருந்தது. அதே போல ஒன்று தைப்பது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். எனக்கு ரவிக்கையும் தலையணை உறையும் தைக்கத் தெரியும். போர்வை தைத்துப் பழக்கமே இல்லை.

அந்த விரிப்பில் இரண்டு விதமான பெரிய சதுரங்கள் மாறி மாறி வருகின்றன. ஒன்று, சின்னச் சதுரம் ஒன்பது சேர்ந்தது. மற்றது, முக்கோணங்கள் சேர்ந்து காற்றாடி போலச் சுழல்வது. பேசுவதற்கு வசதியாகச் சின்னச் சதுரத்தைக் கட்டம் என்றும் பெரிய சதுரத்தைப் பாத்தி என்றும் சொல்கிறேன். கட்டம் நாலு இஞ்ச் இருந்தது; நாலு இஞ்சுக்கே வெட்டினேன். காற்றாடியில் கால்பங்கு ஆறு இஞ்ச் சதுரமாக இருந்தது. ஆறு இஞ்ச் சதுரத்தைக் கோணலாக இரண்டாக வெட்டி முக்கோணம் எடுத்தேன். எல்லாவற்றையும் கால் இஞ்ச் விட்டுத் தைத்துப் பார்த்தால், ஒன்பது கட்டப் பாத்தி பத்தரை இஞ்சில் நின்றது. காற்றாடிப் பாத்தி பத்தேகாலில் நின்றது. இரண்டும் பன்னிரண்டு வர வேண்டியவை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றோடொன்று சேரவே இல்லை. இரண்டு நாள் வேலையும் ஒரு நல்ல சேலையும் போயின.

அளவு ஜாக்கெட்டில் தினமும் செய்கிற ஒன்றை நான் போர்வையில் செய்யவில்லை. திருப்பிப் பார்க்கவில்லை. வெளியே தெரிவது தைத்து முடிந்த அளவு. உள்ளே மறைந்திருப்பது தையலுக்கு விட்ட துணி. இரண்டையும் கூட்டினால்தான் வெட்டும் அளவு கிடைக்கும். அதிலும் கோணல் தையல், நேர்த் தையலைவிட அதிகமாகத் துணியைத் தின்னும். அதனால்தான் காற்றாடி இன்னும் சுருங்கிப்போனது. அந்த விரிப்பின் கிழிந்த ஓர் ஓரத்தைப் பிரித்து உள்ளே பார்த்த அன்றுதான் எனக்கு வேலை பிடிபட்டது. நான் படித்த வரிசையிலேயே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் தள்ளி நின்று பாருங்கள். போர்வையைக் கொடியில் போட்டுப் பத்தடி தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொள்ளுங்கள். பூவும் புள்ளியும் மறைந்து, அடர் நிறம் எங்கே, வெளிர் நிறம் எங்கே என்பது மட்டும் தெரியும். வடிவத்தைத் தாங்குவது நிறத்தைவிட இந்த அடர்த்திதான். சிவப்பும் பச்சையும் ஒரே அடர்த்தியில் இருந்தால், எவ்வளவு நேராகத் தைத்தாலும் காற்றாடி சுழலாது.

அடுத்து, திரும்பத் திரும்ப வருவது எது என்று தேடுங்கள். கோலத்தில் புள்ளி எண்ணுவது போலத்தான். சதுரங்கள் வரிசை மாறாமல் ஒன்றின் கீழ் ஒன்று நின்றால் அது நேர்ப்புள்ளிக் கணக்கு. ஒரு வரிசையின் இடுக்கில் அடுத்த வரிசை நின்றால் அது ஊடுபுள்ளிக் கணக்கு. ஆறு மூலைத் துண்டுகளால் ஆன போர்வைகள் அந்த வகை. 15-ல் தொடங்கி 8-ல் முடியும் ஊடுபுள்ளிக் கோலத்தின் ஓரத்தைக் கோட்டால் இணைத்துப் பாருங்கள், ஆறு மூலை வந்து நிற்கும். முதல் போர்வைக்கு நேர்ப்புள்ளியே போதும்.

மூன்றாவதாக, அளவு. பழைய துணி ஓர் இடத்தில் இழுபட்டிருக்கும், ஓர் இடத்தில் சுருங்கியிருக்கும். அதனால் ஒரு கட்டத்தை மட்டும் அளந்து நம்பாதீர்கள். ஐந்து கட்டங்களைச் சேர்த்து அளந்து ஐந்தால் வகுங்கள். பிறகு ஒரு பாத்தியை முழுசாக அளந்து சரிபாருங்கள்.

நான்காவது எனக்கு மிகவும் பிடித்தது. எந்தத் தையல் எந்தத் தையலுக்குப் பிறகு வந்தது என்று தேடுங்கள். ஒரு தையல் நடுவில் எங்கேயும் நிற்காமல் போர்வையின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை ஓடினால், பெரும்பாலும் அதுதான் மேல்துணியைச் சேர்த்த கடைசித் தையல். அதில் வந்து முட்டி நிற்பது அதற்கு முந்தியது. அதில் முட்டி நிற்பது அதற்கும் முந்தியது. இப்படிப் பின்னோக்கி நடந்தால் முதல் தையலில் போய் நிற்பீர்கள். எங்கள் அம்மாச்சி இறந்து வெகுநாள் ஆகிவிட்டது. ஆனால் முதலில் எந்த இரண்டு துண்டுகளைச் சேர்த்தார், பிறகு எதை இணைத்தார் என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தந்தது போல எனக்குத் தெரிந்தது. எழுதி வைக்காத பாடத்தைத் துணி வைத்திருந்தது.

இதையெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். நோட்டில் ஒரு கட்டம் துணியில் ஓர் இஞ்ச். அடர்த்தியானதைப் பென்சிலால் தீட்டுங்கள். உங்கள் மாதிரி தயார். அதைக் கடையில் வாங்கவில்லை, நீங்களே போர்வையிலிருந்து இறக்கிக்கொண்டீர்கள்.

இனி வெட்டும் கணக்கு. மூன்று அடிக்கு மூன்று அடியில், ஒரு கைக்குழந்தைக்கு ஆகிற போர்வையை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு இஞ்ச் பாத்தி, மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று. நாலு மூலையிலும் நடுவிலும் ஒன்பது கட்டப் பாத்தி, மொத்தம் ஐந்து. மீதி நாலும் காற்றாடி.

கட்டம் முடிந்த பிறகு நாலு இஞ்ச். இரண்டு பக்கமும் கால் கால் இஞ்ச் சேர்த்து நாலரையாக வெட்டுங்கள். ஒரு பாத்தியில் மூலையும் நடுவும் அடர் நிறம், மீதி வெளிர் நிறம் என்றால், ஐந்து பாத்திக்கு அடர் நிறத்தில் 25, வெளிர் நிறத்தில் 20.

காற்றாடிக்கு முக்கோணமாகவே வெட்ட வேண்டாம். கோணலாக வெட்டிய ஓரம் கிராஸ் துணி, தொட்டாலே இழுபடும். ஆறு இஞ்ச் முடிவதற்கு உள்ள சரியான கணக்கு, ஆறே முக்காலே அரைக்கால் இஞ்ச் சதுரம். நாம் முழுசாக ஏழு இஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். அடர் நிறச் சதுரம் ஒன்று, வெளிர் நிறச் சதுரம் ஒன்று, முகத்தோடு முகம் வைத்து, பின்பக்கம் மூலைக்கு மூலை ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் கால் இஞ்ச், அந்தப் பக்கம் கால் இஞ்ச் தள்ளித் தைத்துவிட்டு, கோட்டின் மேலேயே வெட்டுங்கள். இரு நிறமும் சேர்ந்த சதுரம் இரண்டு கிடைக்கும். அவற்றை ஆறரையாகச் சீவிவிடுங்கள். தைத்த பிறகு வெட்டுவதால் துணி இழுபட வழியே இல்லை. நாலு காற்றாடிக்கு இப்படிப்பட்ட சதுரம் 16 வேண்டும். அடர் நிறத்தில் 8, வெளிர் நிறத்தில் 8 சதுரம் வெட்டினால் போதும்.

துணிக்கு அலைய வேண்டாம். ஐந்தரை மீட்டர் சேலையில் கரையை நீக்கி நாற்பது இஞ்ச் அகலம் நன்றாக இருந்தால், நாலரை இஞ்ச் சதுரம் 384 கிடைக்கும். நைந்த பாகத்தை ஒதுக்கினாலும் ஒரு போர்வைக்கு மேல் தேறும். பருத்தியை மட்டும் சேருங்கள். பாலியஸ்டர் கலந்தால் ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. புதுத் துணியை ஒரு தடவை அலசிக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். சுங்குடியை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள்; சாயம் ஒட்டினால், விடும் வரை தனியாக அலசுங்கள். சுங்குடி நம் மதுரையின் துணி, 2005-ல் புவிசார் குறியீடு வாங்கியது. பழைய முறையில் அதன் ஒவ்வொரு புள்ளியும் விரலால் முடிச்சுப் போட்டு வந்தது. எந்தப் பெண்ணோ போட்ட புள்ளியை வெட்டுகிறோம் என்கிற நினைப்போடு வெட்டினால், வீணாக்க மனம் வராது.

எங்கள் அம்மாச்சி நிறையத் துண்டுகளைக் கத்தரி வைக்காமலே எடுத்திருக்கிறார். ஓரத்தில் பிசிறு நின்ற விதத்தைப் பார்த்ததும் புரிந்தது. மெல்லிய பருத்தித் துணியில் சின்னதாக ஒரு வெட்டு கொடுத்துக் கிழித்தால், இழையோடு இழையாக நேராகக் கிழிந்து வரும். பழகாத கையில் கத்தரி கோணும், இழை கோணாது. முதலில் நீளப் பட்டைகளாகக் கிழித்து இஸ்திரி போட்டுவிட்டு, அப்புறம் கட்டமாக வெட்டுங்கள்.

தைக்கும்போது ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாத் தையலும் ஒரே அளவு துணி விட்டு வர வேண்டும். ஊசியிலிருந்து வலப்பக்கம் கால் இஞ்ச் அளந்து, மெஷின் தகட்டில் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். துணியின் ஓரம் அந்த டேப்பை உரசிக்கொண்டே போகட்டும். ஒரு மாகாணி, அதாவது அரைக்காலில் பாதி இஞ்ச் கூடினால் என்ன என்று தோன்றும். ஒரு வரிசையில் 12 துண்டு இருந்தால் 11 இணைப்பு. ஓர் இணைப்புக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து அரைக்கால் இஞ்ச் போகும். வரிசை முடியும்போது ஒன்றே காலே அரைக்கால் இஞ்ச் குறைந்திருக்கும். அடுத்த வரிசை சரியாக வந்திருந்தால் இரண்டும் சேராது. போர்வையில் கோணல் என்பது பெரிய தப்பால் வருவதில்லை. மாகாணி மாகாணியாகச் சேர்ந்து வருகிறது.

ஒவ்வொரு வரிசையும் முடிந்ததும் இஸ்திரி போடுங்கள். பெட்டியை முன்னும் பின்னும் தேய்த்தால் துணி நீளும். வைத்து வைத்து எடுங்கள். முதல் வரிசையின் தையல் மடிப்பை வலப்பக்கமும், இரண்டாவது வரிசையினுடையதை இடப்பக்கமும் சாய்த்துவிட்டால், இரண்டு வரிசையைச் சேர்க்கும்போது மடிப்புகள் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்துகொள்ளும். நாலு மூலையும் ஒரு புள்ளியில் கூடும்.

சின்னத் துண்டுகளை வரப்புப் போட்டது போல இணைப்பது மிகப் பழைய கலை. பௌத்தர்களின் விநயபிடகத்தில் ஒரு செய்தி வருகிறது. புத்தர் மகத நாட்டு வயல்களைப் பார்த்தார். நீண்ட வரப்பும் குறுக்கு வரப்பும் பாத்தி பாத்தியாகப் பிரித்திருந்த அந்த நிலத்தைக் காட்டி, பிக்குகளுக்கு இப்படி ஓர் ஆடை அமைக்க முடியுமா என்று தம் சீடர் ஆனந்தரிடம் கேட்டார். ஆனந்தர் அமைத்துக் காட்டினார். இலங்கையிலும் பர்மாவிலும் பிக்குகள் இன்றும் உடுத்தும் துவராடை அந்தத் துண்டுக் கணக்கில்தான் தைக்கப்படுகிறது. ஆனந்தருக்கு யாரும் மாதிரி வரைந்து தரவில்லை. வயல்தான் மாதிரி. வைகைக் கரையில் சமயநல்லூர்ப் பக்கம் போகும்போது நெல் வயலைப் பார்த்தால், எனக்கு இப்போதெல்லாம் ஆனந்தர்தான் நினைவுக்கு வருகிறார்.

எங்கள் விரிப்பில் ஒரு கட்டம் மட்டும் இரண்டு சின்னத் துண்டுகளை ஒட்டித் தைத்தது. காக்கி போதவில்லை, பாதி காக்கி, பாதி பாவாடைத் துணி. அப்படியே எடுப்பதா, திருத்துவதா என்று வெகுநேரம் யோசித்தேன். அப்போது ஓர் ஊர் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் இருக்கும் ஜீஸ் பெண்ட். அடிமைகளாகப் பருத்திக்காட்டில் உழைத்தவர்களின் வழிவந்த பெண்கள், உழுதும் களையெடுத்தும் கிழிந்த வேலை உடுப்புகளைக் கொண்டு குளிருக்குப் போர்வை தைத்தார்கள். அச்சும் இல்லை, அளவும் இல்லை. இருக்கிற துணி எங்கே முடிகிறதோ அங்கே வடிவம் திரும்பும். 2002-ல் அந்தப் போர்வைகள் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் சுவரில் ஏறின, பிறகு நியூயார்க்குக்குப் போயின. 2006-ல் அமெரிக்கத் தபால்துறை அவற்றைத் தபால்தலையாக வெளியிட்டது. துணி போதாததுதான் அவற்றின் அழகுக்குக் காரணம். நானும் அந்த ஒரு கட்டத்தை இரண்டு துண்டாகவே தைத்தேன். நிறத்தை மட்டும் மாற்றினேன். அப்படியே நகல் எடுப்பதற்கும் புரிந்துகொண்டு திரும்பத் தைப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு கட்டத்தில் எனக்குத் தெரிந்தது.

மேல்துணி முடிந்ததும் அடித்துணி. நம் ஊர் வெக்கைக்கு உள்ளே பஞ்சு வைக்கத் தேவையில்லை. பழைய நூல் சேலையை இரண்டாக மடித்துக் கொடுத்தால் போதும். மெத்தென்று இருக்கும், தோய்த்தால் சீக்கிரம் காயும். தரையில் சேலையை நீவி விரித்து, மேல்துணியை அதன்மேல் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஊக்குக் குத்திக்கொண்டு வாருங்கள். பிறகு நாலு விரல்கடைக்கு ஒரு வரிசையாகக் கையால் ஓட்டுத் தையல் போடுங்கள். ஓரத்துக்குச் சேலைக் கரையை மடித்து அடிக்கலாம். கரை கெட்டியாக இருப்பதால் ஓரம் சீக்கிரம் நையாது.

மேல்துணி, அடித்துணி என்று தனித்தனியாகச் செய்யாத வழியும் உண்டு. கர்நாடகத்தில் வட கன்னட மாவட்டத்தில், எல்லாபுரா, ஹளியாளா பக்கக் காடுகளில் சித்திப் பெண்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வம்சம். அவர்கள் கவந்த் என்று சொல்லும் போர்வையை ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடிக்கிறார்கள். பழைய சேலையை விரித்து, அதன்மேல் துண்டுகளை வைத்துக்கொண்டே ஓட்டுத் தையலும் போட்டுவிடுவதால், இணைப்பதும் மெத்தையாக்குவதும் ஒரே வேலையாக நடக்கிறது. நாலு மூலையிலும் முக்கோணத் துணிகளை மடித்துப் ‘பூ’ வைப்பார்கள். பூ வைக்காத போர்வை அவர்களுக்கு நிறைவில்லாத போர்வை. நம் வழியும் அவர்கள் வழியும் வேறு. இரண்டுக்கும் காகிதம் தேவைப்படவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன். நூல் வாங்க மதுரைக்குப் போகும்போது பாருங்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்தில் தலைமுறை தலைமுறையாகத் தையல்காரர்கள் இருந்தார்கள். இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷம் கட்டுபவர்களின் உடுப்பு, குடைத்துணி, தொங்கல் எல்லாம் அவர்கள் கைவேலை. ஒரு நிறத்து வெல்வெட்டின் மேல் வேறு நிறத் துண்டை வெட்டி வைத்துத் தைக்கிறார்கள். அவர்களில் இஸ்லாமியத் தையல்காரர்களும் உண்டு. அப்பா தைத்ததைப் பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்தான். அதுதான் அங்கே பள்ளிக்கூடம்.

உங்களிடம் எனக்கு மூன்று வேண்டுகோள் உண்டு.

ஒன்று, உங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ அப்பத்தா, அம்மாச்சி தைத்த விரிப்பு கிடந்தால், கால்மிதியாக்குவதற்கு முன்னால் ஒரு தடவை விரித்துப் பாருங்கள். புள்ளி எண்ணுங்கள், நோட்டில் வரையுங்கள். எந்தத் துண்டு யாருடைய உடுப்பு என்று தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். துணி நைந்து போகும். கணக்கு உங்களிடம் நிற்கும்.

இரண்டு, வெட்டுத் துணியைக் குப்பையோடு போட்டு எரிக்காதீர்கள். மெஷினுக்குப் பக்கத்தில் இரண்டு பை தொங்கவிடுங்கள், ஒன்று அடர் நிறத்துக்கு, ஒன்று வெளிர் நிறத்துக்கு. பருத்தி மட்டும் அதில் விழட்டும். லைனிங் வெட்டி மிஞ்சிய துணியிலேயே நாலரை இஞ்ச் சதுரம் எத்தனை தேறுகிறது என்று ஒரு மாதம் எண்ணிப் பாருங்கள். அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவசத் தையல் மெஷின் வாங்கி, ரவிக்கை வேலை இல்லாத மாதங்களில் அதை மூடி வைத்திருக்கிறவர்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். ஆனால் விற்கத் தொடங்கினால் துணி பழசு என்று விலையைக் குறைக்காதீர்கள். எத்தனை மணி நேரம் உட்கார்ந்தோம் என்பதை எழுதி வைத்து அதற்குக் கூலி போடுங்கள். உயிரோடு இருக்கும் இன்னொரு பெண் யோசித்துத் தைத்த வடிவத்தை விற்பதற்காக எடுக்கும்போது, அவளிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

மூன்று, ஆளுக்கு ஒரு பாத்தி தையுங்கள். முழுப் போர்வை என்று நினைத்தால் மலைப்பாக இருக்கும். ஒரு பாத்தி ஒரு மத்தியானத்து வேலை. ஓரத்தில் கால் இஞ்ச் தையலுக்கு விட்டு, பன்னிரண்டரை இஞ்சாக முடித்துக் கொண்டு வாருங்கள். 20 பேர் கொண்டு வந்தால், நாலுக்கு ஐந்தாக அடுக்கி, நாலடி அகலம் ஐந்தடி நீளத்தில் ஒரு போர்வை ஆகிவிடும். அது பரவைப் போர்வை. நமக்குப் பின்னால் வருகிறவர்கள் அதை விரித்து, திருப்பிப் பார்த்து, நீளத் தையலிலிருந்து பின்னோக்கி நடந்து, நாம் எப்படித் தைத்தோம் என்று படித்துக்கொள்ளட்டும்.

என் பேரன் இப்போது நான் தைத்த போர்வையில் குப்புறப் படுத்து, அந்த இரண்டு துண்டுக் கட்டத்தைத்தான் விரலால் நோண்டிக்கொண்டிருக்கிறான். அம்மாச்சியின் விரிப்பை மடித்துப் பெட்டிக்குள் வைக்கவில்லை. முன்வீட்டு மேசையில் உள்பக்கம் தெரிகிற மாதிரி விரித்து வைத்திருக்கிறேன். தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் உங்களிடம் அளவு ஜாக்கெட் கொண்டுவருவார்கள். என்னிடம் அளவுப் போர்வை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இஞ்ச் டேப்பும் கட்டம் போட்ட நோட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தெருவில் போர்வை காயப்போட்ட அக்கா
பரவை, மதுரை